அடியில் மூன்று ஓட்டை

மனிதகுலத்தின் நன்மையை முன்னிட்டு ஓர் அறிவிப்பை முதலில் செய்துவிடுகிறேன்: கறியைப் புகையில் வேகவைக்க வெப்பமானி தேவையே இல்லை. மூடிக்கு நான்கு விரற்கடை மேலே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எண்ண வேண்டும். ஆறு வரை தாங்கினால் சூடு சரி. மூன்றிலேயே கையை இழுத்துக்கொண்டால் விறகைக் குறைக்க வேண்டும். இருபது எண்ணியும் கை சுகமாக இருந்தால் நெருப்பு அணைந்துவிட்டது என்று பொருள். ஒரு கையும், எண்ணத் தெரிந்த ஒரு வாயும் இருக்கிற எவரும் இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நான் காப்புரிமை கோரப்போவதில்லை. இப்போது நான் இருக்கும் இடத்தில் அதற்கு விண்ணப்பிக்கும் வசதியும் இல்லை.

நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். ஐந்து தாள் கொடுத்தீர்கள், ஓரத்தில் கடித்த ஒரு பேனாவும் கொடுத்தீர்கள். எழுதுவதற்கு முன் உங்கள் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் "துருப்பிடித்த பழைய பீப்பாயைக் கொண்டு கவனக்குறைவாகச் செய்யப்பட்ட அடுப்பு" என்று ஒரு வரி வருகிறது. துரு இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன் நான். கவனக்குறைவு என்பதை அதைவிட வன்மையாக மறுக்கிறேன். அந்த அடுப்பில் நான் கவனிக்காமல் செய்தது எதுவும் இல்லை.

கதை என் மச்சானிடமிருந்து தொடங்குகிறது. என் மனைவியின் தம்பி. அவனுக்கு "டிகிரி" என்று பெயர் வைத்தது நான்தான். முகத்துக்கு நேரே கூப்பிட்டதில்லை. காப்பியை எத்தனை டிகிரியில் குடிக்க வேண்டும் என்று சொல்லாமல் அவன் காப்பி குடிக்கமாட்டான். குளித்துவிட்டு வந்தாலும் தண்ணீர் எத்தனை டிகிரி இருந்தது என்று அறிவிப்பு வரும். ஒரு அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டிகளை விற்கிற வேலை. பேசும்போது மட்டும் அவற்றைக் கண்டுபிடித்தவனே அவன்தான் என்று தோன்றும்.

போன கோடையில் அவன் ஒரு ஸ்மோக்கர் வாங்கினான். நான் அதைப் புகையடுப்பு என்பேன். அவன் ஒவ்வொரு முறையும் திருத்துவான். ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு. கறிக்குள் குத்திவைக்க ஓர் ஊசி உண்டு. அந்த ஊசியிலிருந்து அவன் கைபேசிக்குச் செய்தி வரும். அதாவது கறி அவனுக்குக் கடிதம் போடும். உறவையும் நட்பையும் வீட்டின் பின்புறத்துக்கு வரவழைத்து, மார்பு முதல் முழங்கால் வரை தோலுடை கட்டிக்கொண்டு, ஏதோ இதய அறுவை சிகிச்சைக்குப் போகிறவன் மாதிரி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"இப்போ யாரும் கதவைத் திறக்கக் கூடாது. இது ஒரு புராசஸ்."

பசித்த பதின்மூன்று பேர் கண்ணாடி வழியாக அந்தப் புராசஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெந்து வெளியே எடுத்த பிறகும் கொடுக்கவில்லை. துணியில் சுற்றி வைத்துவிட்டான்.

"மாமிசத்துக்கு ஒரு மணி நேரம் ஓய்வு குடுக்கணும். அப்பத்தான் சாறு உள்ளே நிக்கும்."

அந்த வீட்டில் அவன் மாமியாருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்து நான் பார்த்ததில்லை. அதை நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னது வேறு.

"இதுக்கு எதுக்கு மச்சான் இத்தனை சாமான்? ஒரு ட்ரம்மும் நாலு கம்பியும் இருந்தா நானே செஞ்சிடுவேனே."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கருணை இருந்தது. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

"அத்தான், நீங்க காலி ட்ரம்மை எண்ணிக்கிட்டு இருங்க. இது விஞ்ஞானம்."

நான் காலி ட்ரம் எண்ணுகிறவன் என்பது உண்மை. ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் காலி ட்ரம் பிரிவுக்கு நான் பொறுப்பு. உண்மையைச் சொன்னதற்காக யாரையும் கோபித்துக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதையும் விட்டுவிட்டேன். என் மனைவியும் சிரித்தாள்.

அவள் சிரிப்பில் இரண்டு வகை. மரியாதைக்குச் சிரிப்பது உதட்டோடு நின்றுவிடும். அது எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. இன்னொன்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பது. இருபத்தாறு வருட வாழ்க்கையில் நான் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அந்தக் கை வாய்க்குப் போனதில்லை. தம்பி சொன்னதற்குப் போயிற்று. அன்று நான் செய்த தீர்மானம் கொலைக்கான தீர்மானம் என்று நீங்கள் எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையில் தீர்மானித்தது இவ்வளவுதான்: அந்தக் கை ஒருமுறை என் பேச்சுக்காக அவள் வாய்க்குப் போக வேண்டும்.

"ஒரு ஆணிகூடக் காசு கொடுத்து வாங்காம செஞ்சு காட்டுறேன். அடுத்த மாசம் எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றேன்.

"வெப்பமானி?" என்றான் மச்சான்.

"என் கை."

"ஆம்புலன்ஸ் நம்பரைப் பக்கத்துல வச்சுக்கோ, அக்கா" என்றான். மறுபடியும் சிரிப்பு.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அறிக்கை இதற்கு ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறது, அது அநியாயம்.

கால்களுக்கு ஒரு மருத்துவமனையில் ஒதுக்கிப்போட்ட கட்டில். உள்தட்டுகளுக்கு மூடிப்போன பேக்கரியின் ரொட்டித் தட்டுகள், நான்கு. கதவுக்குக் கீல் ஒரு பள்ளிக்கூட அலமாரியிலிருந்து வந்தது. புகைபோக்கி ஒரு சலவை நிலையத்தில் வெந்நீர்க் கொதிகலனுக்குப் போட்டிருந்த குழாய். கைப்பிடியைப் பக்கத்து வீட்டுத் தையற்காரர் கொடுத்தார். அவருடைய பழைய இஸ்திரிப் பெட்டியின் மரப்பிடி அது. இருபது வருடம் உள்ளங்கையில் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"இரும்புப் பிடி போட்டீங்கன்னா கை பொத்துப் போயிடும் அண்ணே. இதை வச்சுக்கங்க. எனக்குத்தான் கரண்டுப் பெட்டி வந்தாச்சே."

நல்ல மனிதர். மனைவி இல்லை, பிள்ளைகள் தூரத்தில். ஒரு கிழட்டு நாய் மட்டும் கூட இருந்தது. வாசலைத் தாண்டுகிற எவரிடமும் ஏதாவது வாங்காமல் விடாது என்பதால் அதற்குச் "சுங்கம்" என்று பெயர்.

இவ்வளவும் ட்ரம்மில் பொருத்த வேண்டும். அதற்கு வெல்டரிடம் போனேன். அவன் பட்டறையில் ட்ரம்மைப் பக்கவாட்டில் உருட்டிவைத்து, தட்டிப் பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"எங்க கிடங்குல கிடந்தது."

"என்கிட்ட சமையல் எண்ணெய் ட்ரம் ஒண்ணு சும்மா கிடக்கு. கழுவிக் காயவச்சிருக்கேன். அதை எடுத்துக்கங்களேன்."

வேண்டாம் என்றேன். அது அவனுடைய ட்ரம். நாளைக்கு என் மச்சான் மேசையில் உட்கார்ந்து, "ட்ரம் வெல்டர் குடுத்ததாமே" என்பான். தையற்காரரின் பிடியை மட்டும் வாங்கிக்கொண்டாயே என்று நீங்கள் கேட்கலாம். பிடி வேறு, ட்ரம் வேறு. ட்ரம்தான் அடுப்பு. அதுவும் தவிர, என் ட்ரம்மில் ஒரு வசதி இருந்தது. அதன் அடிப்பாகத்தில் ஏற்கெனவே மூன்று ஓட்டைகள் இருந்தன. சம இடைவெளியில், முக்கோண வடிவில், கட்டைவிரல் நுழைகிற அளவு. புகையடுப்புக்கு அடியில் காற்று நுழைய வழி வேண்டும். இல்லாவிட்டால் விறகு மூச்சுமுட்டிச் செத்துவிடும். வெல்டர் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"யாருண்ணே போட்டது? பிசிறே இல்லையே. காத்து இழுக்கிறதுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

"யாரோ வேலை தெரிஞ்சவன்" என்றேன்.

அடுப்பு தயாரானதும் உள்ளே வெறும் விறகைப் போட்டு நான்கு மணி நேரம் எரித்தேன். எந்தப் புது அடுப்பையும் அப்படிப் பழக்க வேண்டும். மூன்றாவது மணியில் லேசாக ஒரு வாடை வந்தது. இனிப்பு என்றும் சொல்ல முடியாது, கசப்பு என்றும் சொல்ல முடியாது. நாக்குக்கு அடியில் வந்து உட்காருகிற வாடை. எனக்குப் பழக்கமானது. வேலையிலிருந்து வந்தால் என் சட்டையில் இருக்கும். அதை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கமாட்டாள் என் மனைவி. நெருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும் என்று நான் முழு மனதோடு நம்பினேன். இந்த வாக்கியத்தின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

விருந்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறிய துண்டு விலாக்கறியை வைத்துப் பார்த்தேன். ஆறு மணி நேரம். வெளியே எடுத்தபோது அதன் நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நல்ல தோல் செருப்பின் நிறம். கத்தி வைத்ததும் தானாகப் பிரிந்தது. எனக்கு அன்று அவ்வளவாகப் பசியில்லை. சுங்கம் வேலி ஓரம் வந்து வசூலுக்கு நின்றது. முழுவதையும் அதற்கே போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அது செத்துப்போனது. பதினான்கு வயது. பதினான்கு வயதில் நாய்கள் சாவது உலக வழக்கம். வாயில் நுரை இருந்தது என்று தையற்காரர் சொன்னார். கிழநாய்களுக்கு அப்படியும் ஆகும் என்றேன். அதற்குக் குழி வெட்டிக்கொடுத்தது நான்தான். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். தையற்காரர் அதன்மேல் போர்த்த ஒரு துண்டு வெல்வெட் கொண்டுவந்தார். யாருக்கோ தைத்த கோட்டில் மிச்சமானது.

"கடைசிவரைக்கும் நல்லா சாப்பிட்டுச்சு அண்ணே" என்றார். "அதுவும் உங்க கையால கறி சாப்பிட்டுட்டுப் போயிருக்கு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

"ஞாயித்துக்கிழமை மறக்காம வந்துடுங்க" என்றேன்.

இப்போது ஓட்டைகளுக்கு வருகிறேன். நேற்று அடுப்பைக் கவிழ்த்துப்போட்டு எடுத்த புகைப்படத்தை மேசையில் வைத்து, பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு நாடகம் தேவையில்லை. கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. சில ட்ரம்கள் காலியான பிறகும் காலி ஆவதில்லை. எத்தனை முறை கழுவினாலும் உள்ளே வந்ததில் கொஞ்சம் தங்கிவிடும். முன்பெல்லாம் ஆட்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் பிடித்துவைத்தார்கள், தானியம் கொட்டிவைத்தார்கள். ஒரு குடும்பம் முழுதாகப் போன பிறகு பாதுகாப்புக் குழு என்று ஒன்றைப் போட்டார்கள். அந்தக் குழு எட்டு முறை கூடி, பிஸ்கட் சாப்பிட்டு, ஒரு முடிவுக்கு வந்தது: அந்த வகை ட்ரம் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று ஓட்டை போட வேண்டும். ஓட்டை ட்ரம்மில் யாரும் எதையும் சேர்த்துவைக்க மாட்டார்கள் அல்லவா. அடியில் முக்கோணமாக மூன்று ஓட்டை இருந்தால் இந்த ட்ரம் மனிதன் வாய்வைக்கும் எதன் பக்கத்திலும் வரக் கூடாது என்று அர்த்தம். நேராக நசுக்குவதற்குப் போக வேண்டும்.

அந்த ஓட்டைகளைப் போடுவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. உளி நானே அரம் போட்டுக் கூராக்கியது. ஒரு ஓட்டைக்கு ஒரே அடி. நாளுக்கு முப்பது ட்ரம். கிடங்குச் சுவரில் ஒரு பலகை தொங்கும்: "மூன்று ஓட்டை ட்ரம்மைக் கழுவினாலும் எரித்தாலும் நஞ்சு போகாது." அதை எழுதியது நான். என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்கும் என்பதால் மேலாளர் என்னையே எழுதச் சொன்னார்.

குழுவில் இருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஓட்டையே தேவைப்படுகிற ஒருவன் வருவான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான். உள்ளே இருந்தது என்ன என்பதை நான் இங்கே எழுதவில்லை. உங்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

விருந்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி. பின்புறத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப்போட்டு என் மனைவி வெள்ளைத் துணி விரித்தாள். பதினான்கு பேர், என்னையும் மச்சானையும் சேர்த்து, போன முறை அவன் வீட்டில் கூடிய அதே பதினான்கு பேர். அங்கே வந்திருந்த தையற்காரர் இங்கே எனக்கு எதிரில் உட்கார்ந்தார். மச்சான் தன் மனைவியோடு வந்தான். வந்ததும் அடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். சட்டைப் பையில் கைவிட்டு வெப்பமானியை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்து, பாம்பை வாங்குவது போல அதை வாங்கி, பூந்தொட்டியில் குத்திவைத்தேன்.

"செடிக்கு எத்தனை டிகிரின்னு பாரு, போ."

அப்போதே சிலர் சிரித்துவிட்டார்கள். என் மனைவி ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

கதவைத் திறந்ததும் புகை வெளியே வந்து எல்லார் தலைக்கு மேலும் ஒரு நிமிடம் நின்றது. எட்டு மணி நேரம் வெந்த கறி. கத்தியை மேலே வைத்தேன், அதுவே இறங்கியது. துணியில் சுற்றவில்லை, ஓய்வு கொடுக்கவில்லை, உரை நிகழ்த்தவில்லை. அறுத்து அறுத்துத் தட்டில் வைத்தேன். ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். வெல்டர் எலும்பை உறிஞ்சிவிட்டு, "அண்ணே, இனிமே எங்க வீட்டுக்காரி சமைச்சதை நான் எப்படித் திம்பேன்?" என்றான். அவன் மனைவி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய கையால் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

மச்சான் கடைசியில்தான் எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், முகர்ந்தான், ஓரத்தில் கொஞ்சம் கடித்தான். இரண்டு முறை மென்றான். நிறுத்தினான். கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினான்.

"அத்தான், இதுல மருந்து வாடை வருது."

அவன் மேசைப் பக்கம் திரும்பினான்.

"யாரும் சாப்பிடாதீங்க. விளையாட்டுக்குச் சொல்லலை, நிஜமாத்தான் சொல்றேன். அக்கா, கீழே வை அதை."

என் மனைவி கையில் எடுத்த துண்டோடு அப்படியே நின்றாள். பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், அதனால் நிதானமாக எழுதுகிறேன். அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அந்த வாடை எனக்கு அவனுக்கு முன்பே தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதுவரை ஆளுக்கு ஒன்றோ ஒன்றரையோ துண்டுதான் உள்ளே போயிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் டிகிரி சொல்லாமல் பேசினான், முதல் தடவையாக அவன் குரலில் பயம் இருந்தது. ஆமாம் என்றால் ஆயுள் முழுக்க அவன் சரி, நான் காலி ட்ரம்.

"எத்தனை டிகிரி மருந்து வாடைன்னு அளந்து சொல்லேன் மச்சான்" என்றேன். "பூந்தொட்டியில இருக்கு பாரு, வெப்பமானி."

மேசையே வெடித்தது. தையற்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் மற்ற யாரையும் பார்க்கவில்லை. என் மனைவியின் கை வாய்க்குப் போயிற்று. தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடா" என்றாள் தம்பியிடம். "உனக்குப் பொறாமைடா!"

அவள் அந்தத் துண்டை அவன் முகத்துக்கு எதிரிலேயே முழுதாக வாயில் போட்டாள். அவன் தட்டைப் பிடுங்கப் பார்த்தான். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி, எனக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். எனக்குப் பின்னால். இருபத்தாறு வருடத்தில் அவனுக்கும் எனக்கும் நடுவே அவள் என் பக்கம் வந்து நின்றது அன்றுதான். மற்றவர்களும் அவனைச் சீண்டுவதற்காகவே இரண்டாவது முறை, மூன்றாவது முறை கேட்டு வாங்கினார்கள். அவன் தன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினான். கதவருகே நின்று திரும்பி, "அக்கா, ப்ளீஸ்" என்றான். யாரோ அவனைப் போலவே பேசிக்காட்டினார்கள். நான்தான் என்று நினைக்கிறேன்.

பதினொரு பேர் சாப்பிட்டார்கள். ஒன்பது பேர் வீடு திரும்பிவிட்டார்கள். வெல்டருக்கு இன்னும் வலது கை நடுங்குகிறது என்று சொன்னீர்கள். கேட்க வருத்தமாக இருந்தது. அந்தத் தொழிலுக்குக் கை முக்கியம்.

சாயங்காலமே ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் காலை பெண் டாக்டர் ஒருவர் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"அந்த ட்ரம்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியுமா? அது தெரிஞ்சா சரியான மருந்தை ஆரம்பிச்சிடலாம். தெரியாம குடுத்தா ஆபத்து."

எனக்கு அதன் பெயர் தெரியும். முழுப் பெயர், சுருக்கப் பெயர், ட்ரம்மில் ஒட்டும் தாளின் நிறம் எல்லாம் தெரியும். ஆனால் மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சவரம் செய்யாத முகத்தோடு, அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

"எண்ணெய்" என்றேன். "சமையல் எண்ணெய்."

"அத்தான், நிஜமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ளே இருக்கிறது அக்கா."

"நிஜமாத்தான்."

டாக்டர் அன்று மாலையும் கேட்டார், மறுநாளும் கேட்டார். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அவன் மட்டும் அந்த வராண்டாவை விட்டு ஐந்து நிமிடம் காப்பி குடிக்கப் போயிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் போகவில்லை. அந்த மூன்று நாளும் அவன் ஒரு இடத்துக்கும் போகவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கும் உங்கள் அறிக்கையில் ஒரு வரி ஒதுக்கலாம்.

புதன்கிழமை காலை என்னை உள்ளே விட்டார்கள். என் மனைவிக்குப் பேச்சு வந்தது, கொஞ்சம். என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிகூடச் சண்டை போடாதீங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், அவன் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்."

இருபத்தாறு வருடத்தில் மூன்று நாள்தான் என் பக்கம் இருந்தாள். மூன்றாம் நாள் திரும்பிப் போய்விட்டாள். மதியம் இறந்தாள். தையற்காரர் வியாழக்கிழமை. அவருடைய பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது, இஸ்திரிப் பெட்டியின் பிடியை அடுப்பிலிருந்து கழற்றி அவர்களிடம் கொடுத்தேன். அது அவர்களுக்குச் சேர வேண்டியது. எதையும் வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கில்லை.

பிறகு எங்கள் ஃபோர்மேனைக் கூட்டிவந்து அந்தப் புகைப்படத்தைக் காட்டினீர்கள். பார்த்த உடனே, "இது அவர் கைவேலை. இவ்வளவு சுத்தமா வேற யாரும் போடமாட்டாங்க" என்றாராம். பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மச்சான் நீதிமன்றத்தில் ஏறிச் சொல்லட்டும். தான் அன்றைக்கே எச்சரித்ததாகச் சொல்லுவான். சொல்லட்டும், அது உண்மை. நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: அன்று அந்த மேசையில் ஜெயித்தது யார்? சாப்பிட்ட பதினொரு பேரில் உயிரோடு இருக்கிற ஒன்பது பேரையும் கேளுங்கள். கறி வேகவில்லை, உப்புக் கூடுதல், புகை குறைவு என்று ஒருவராவது சொல்லட்டும், உங்கள் தாளில் நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். வெப்பமானி இல்லை, கண்ணாடிக் கதவு இல்லை, கடிதம் போடுகிற ஊசி இல்லை. மற்றவர்கள் தூக்கியெறிந்ததை வைத்துச் செய்த அடுப்பு. அதில் வெந்த கறியை அவன் அக்கா அவன் கண் எதிரிலேயே இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள்.

ட்ரம்மை எடுத்தது நான். ஓட்டை போட்டது நான். வாடை தெரிந்தும் பரிமாறியது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். இதில் எதையும் யார்மேலும் போட விரும்பவில்லை. கெட்ட எண்ணம் மட்டும் கிடையாது. நெருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும் என்று நான் முழு மனதோடு நம்பினேன். மேலே கோடு போடச் சொன்னது இதற்குத்தான்.

உங்கள் அறிக்கையில் ஒரு விவரம் மட்டும் விடுபட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு மாதிரியாக ஒரு முழுத் துண்டு கறி போயிருக்கிறது. அதை எங்கே கண்டெடுத்தீர்கள் என்று எழுதவில்லை. அடிப்பக்கம் கருகின ஓரத் துண்டு. எனக்குப் பிடிக்கும் என்று என் மனைவி தேடி எடுத்து என் தட்டில் வைத்தது.

நான் அன்று ரொட்டி மட்டும்தான் சாப்பிட்டேன்.